ஓரிரு இடங்களில்

எங்கள் அபார்ட்மென்ட்டில் 16 வீடுகள். செகரட்டரி ஒருவர், பொருளாளர் ஒருவர், மோட்டார் போட வாட்ச்மேன் ஒருவர், வானிலைக்கு நான். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. பதவி முழுக்க முழுக்க என் சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த பரிசு.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டுக்குப் போயிருந்த மனைவி, பீன்ஸ் வாங்கி வைக்கச் சொல்லி மெசேஜ் அனுப்பினாள். எழுந்திருக்க மனமில்லை. “மழை வர்ற மாதிரி இருக்கு” என்று டைப் செய்து தட்டிவிட்டேன். வெளியே வானம் துலக்கிக் கவிழ்த்த பித்தளைத் தாம்பாளம் மாதிரி இருந்தது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், மெசேஜ் மனைவிக்குப் போகவில்லை, அபார்ட்மென்ட் குரூப்புக்குப் போயிருந்தது. அழிக்கலாம் என்று மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இடி இடித்தது. முக்கால் மணி நேரம் கொட்டியது. கொடியில் துணி காயப்போட்டிருந்த 11 குடும்பங்கள் என் புண்ணியத்தில் தப்பித்தன. அன்றிலிருந்து நான் “வெதர் சார்”. பீன்ஸை மறுநாள் வாங்கினேன்.

ஒரு வருஷம் பதவியை எப்படி ஓட்டினேன் என்று கேட்பீர்கள். வானிலை அறிக்கையில் வரும் ஒரே ஒரு சொல்லை வைத்து ஓட்டினேன்: வெப்பச்சலனம். மழை வந்தால் வெப்பச்சலனம், வராவிட்டால் போதிய வெப்பச்சலனம் இல்லை. ஒருமுறை லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று பொருளாளர் கேட்டபோதுகூட அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பதவி பறிபோனது இந்த மே மாதம், கத்திரி வெயிலின் நடுவில் ஒரே வாரத்தில். பஞ்சாங்கப்படி கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். சூரியன் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31ஆம் தேதி. “கத்திரி கழிஞ்சாச்சு, இனி பயமில்லை” என்று அன்றைக்கு மத்தியானம் தைரியமாகத் தெருவில் இறங்கியவர்களில் நானும் ஒருவன். கறுப்புச் சட்டையில்.

அந்த வாரம் முழுக்க அறிக்கை ஒன்றேதான். வெயில் 38, 39. காற்றில் ஈரப்பதம் அதிகம், புழுக்கம் இருக்கும். மாலையில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு. குரூப்பில் கேள்விகள் குவிந்தன. வெறும் வெப்பச்சலனத்தை வைத்துச் சமாளிக்க முடியாத நிலை. ஆன்லைனில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆர்டர் செய்தேன். 649 ரூபாய், ஈரப்பதமும் காட்டும், முதுகில் காந்தம் உண்டு. காந்தம்தான் வினை.

எங்கள் மொட்டை மாடிக் கதவு இரும்பு. திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கொண்டுபோய் வைத்தேன், டப்பென்று ஒட்டிக்கொண்டது. பத்து நிமிஷத்தில் 54.3 டிகிரி. போட்டோ எடுத்து, “நங்கநல்லூர், தற்போதைய உண்மை நிலவரம்” என்று குரூப்பில் போட்டேன். ‘உண்மை’ என்ற சொல்லுக்கு மக்களிடம் இருக்கிற மரியாதையை அன்றுதான் பார்த்தேன். முதல் மாடியில் ஒருவர் ஊரிலிருந்து கிளம்பவிருந்த அப்பா அம்மாவின் டிக்கெட்டை கேன்சல் செய்தார். சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து என் மைத்துனன் எனக்கே அந்த போட்டோவை அனுப்பினான். “மாமா, உங்க ஏரியா உருகுதாமே, ஜாக்கிரதை.”

மூன்றாவது மாடியில் ரிடையர்டு இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். ஒரே வரி போட்டார்: “சார், வெயில்ல வெச்சீங்களா, நிழல்லயா?”

வெப்பநிலையை நிழலில்தான் அளக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரியும். வெள்ளை பெயின்ட் அடித்த மரப்பெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் போக ஜன்னல் சட்டம் மாதிரி பலகைகள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரம். அதற்குள் தெர்மாமீட்டர். ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். செய்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கம் கட்டிய இன்ஜினியர், ‘ட்ரெஷர் ஐலேண்ட்’ எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சனின் அப்பா. மகன் எழுதிய கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அப்பா செய்த பெட்டியைப் படிக்காமல் விட்டதால், நான் அன்று அளந்தது நங்கநல்லூரை இல்லை, ஒரு கதவை.

இத்தனைக்கும் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் மீனம்பாக்கம். அங்கே அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆள் வைத்து அளக்கிறது.

செவ்வாய்க்கிழமை கூலர் வந்தது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும். உங்களில் யாராவது இந்த நிமிஷம் கடையில் ஒரு கூலர் முன்னால் நின்றுகொண்டிருக்கலாம்.

வீட்டில் படுக்கையறைக்கு ஒரு ஏ.சி. உண்டு. அம்மாவுக்கு ஏ.சி. ஆகாது, முட்டி பிடித்துக்கொள்ளும், ஹாலில்தான் படுப்பார். தவிர, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுவது எங்கள் வீட்டில் ஒழுக்கக்கேடு. நாக்பூரில் வேலை செய்த ஒரு நண்பன், “கூலர் போட்டா ராத்திரி போர்வை கேக்கும்டா” என்று சொல்லியிருந்தான். நாக்பூரில் கேட்டிருக்கும். அங்கிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று நான் யோசிக்கவில்லை.

50 லிட்டர் தொட்டி, அடியில் சக்கரம், உள்ளே தேன்கூடு மாதிரி அட்டை. தண்ணீர் ஊற்றி, ஃப்ரீசரில் இருந்த ஐஸ் கட்டி எல்லாவற்றையும் கொட்டி, ஹால் ஜன்னல்களைச் சாத்தினேன். பணம் கொடுத்து வாங்கிய குளிர், தெருவுக்குப் போகலாமா? முதல் இருபது நிமிஷம் சுகம். அம்மா கண்ணை மூடி, “பரவால்லடா” என்றார். வாழ்நாளில் அவர் எனக்குக் கொடுத்த மூன்றாவது பாராட்டு.

பத்தரை மணிக்கு எழுந்து நடந்தபோது உள்ளங்கால் தரையில் ஒட்டி ஒட்டி சப் சப் என்றது. தினசரி காலண்டரில் அன்றைய தாள் சுருண்டிருந்தது. டப்பாவைச் சரியாக மூடாததால் ராத்திரி பொரித்த அப்பளம் நமுத்துப்போய், வெற்றிலை மாதிரி மடக்கலாம் போல இருந்தது. பேப்பரைப் புரட்டினால் சத்தமே வரவில்லை. 649 ரூபாய் கருவி 91 சதவீதம் ஈரப்பதம் என்றது. “இப்பத்தான் செட் ஆகுது” என்று மனைவியிடம் சொன்னேன்.

விஷயம் இதுதான். வியர்வை காய்ந்தால் உடம்பு குளிரும். ஈர அட்டை காய்ந்தால் கூலர் குளிரும். மண்பானையில் நீர் கசிந்து காய்ந்தால் பானைத் தண்ணீர் குளிரும். மூன்றுக்கும் ஒரே தந்திரம், மூன்றுக்கும் வறண்ட காற்று வேண்டும். மே மாதச் சென்னைக் காற்று ஏற்கெனவே ஃபுட்போர்டு வரை நிரம்பிய பஸ். வெறும் 32 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தாலே உடம்புக்கு 41 மாதிரி உறைக்கும் என்கிறது கணக்கு. அந்த பஸ்ஸில் நான் ஜன்னலையும் அடைத்துவிட்டு இன்னும் 50 லிட்டரை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் கல் உப்பு ஜாடி. மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேராகச் சாய்த்தார். அடியில் தண்ணீர் நின்றது. “உப்பே அழுவுது. நீ ஃபேனுக்குத் தண்ணி ஊத்திட்டு ஒக்காந்திருக்க.”

காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவின் கருவி பீங்கான், பேட்டரி தேவையில்லை. என்னுடையதில் அதற்குள் ஒரு பேட்டரி தீர்ந்திருந்தது.

கூலர் காலையில் பால்கனிக்குப் போனது. சக்கரம் இருந்தது ஒன்றுதான் அதில் உருப்படியான அம்சம்.

புதன்கிழமை கடற்காற்று. வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாக. நிலத்துக்கு மேலே சூடான காற்று எழும்ப எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாளில் அதை உள்ளே விடாது, வாசலிலேயே நிறுத்தி வைக்கும். சென்னைக்காரர்களின் மே மாத வாழ்க்கை, அது 12 மணிக்கு வருகிறதா 5 மணிக்கு வருகிறதா என்பதில்தான் இருக்கிறது. அன்று மூன்று மணி ஆகியும் வரவில்லை. அது நம்மிடம் வராவிட்டால் நாம் அதனிடம் போவோம் என்று, மனைவியையும் மகனையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெசன்ட் நகருக்குப் போனேன். அம்மா வரவில்லை என்றுவிட்டார். அனுபவசாலி.

கடற்கரையில் காற்று இருந்தது. முதுகுப் பக்கத்திலிருந்து. அடுப்பு ஊதுகுழல் வழியாக வருகிற மாதிரி மேற்குக் காற்று, கூடவே மணல். ஒன்றரை மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு, ஊரின் வெக்கையை முதுகில் வாங்கினோம். பையன், “அப்பா, கடல் ஆஃப் ஆயிடுச்சா?” என்று கேட்டான். ஐந்தரைக்குக் கிளம்பினோம். வேளச்சேரி சிக்னலில் ஒரு பஸ்ஸுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் ஆட்டோ மாட்டியது. அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று எழுந்து, எங்கள் தலைக்கு மேலே போயிற்று. கடற்காற்றுக்கு சிக்னல் கிடையாது. எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

வாசலில் அம்மா முந்தானை பறக்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “ஜில்லுனு காத்து. இத விட்டுட்டு எங்கடா போனீங்க?”

வியாழக்கிழமை ரேடார். சென்னைத் துறைமுகத்தில் டாப்ளர் ரேடார் இருக்கிறது, மழை மேகம் எங்கே இருக்கிறது என்று கலர் கலராகக் காட்டும், போனிலேயே பார்க்கலாம். நீலம் என்றால் சும்மா, மஞ்சள் என்றால் பரவாயில்லை, சிவப்பு என்றால் கொடியிலிருந்து துணியை எடு. மாலை ஐந்து மணி தாண்டிப் பார்த்தபோது திருத்தணிப் பக்கம் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு. படத்தின் ஓரத்தில் நேரம் 11:30 என்று இருந்தது. எனக்குப் புல்லரித்தது. இரவு பதினொன்றரைக்குத் திருத்தணியில் இருக்கப் போகிற மழையை இப்போதே காட்டுகிறதே, விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது! குரூப்பில் அறிவித்தேன்: “இரவு 11:30 திருத்தணி. 1 மணிக்கு நாம்.”

ஆவலில் நானும் பொருளாளரும் பதினொன்றரைக்கே மாடியில் ஆஜர். கொசு எங்களுக்கு முன்பே வந்திருந்தது. தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. சத்தமாக எண்ணினேன். பதினெட்டில் உறுமல் கேட்டது. “ஆறு கிலோமீட்டர்.” அடுத்தது ஒன்பது நொடி. “மூணு கிலோமீட்டர், கிட்ட வந்துடுச்சு!” பொருளாளர் செல்போனைப் பாலிதீன் கவரில் போட்டுக்கொண்டார். உறுமல் நெருங்கி நெருங்கி வந்து, சிவப்பு விளக்கோடும் சக்கரங்களோடும் மீனம்பாக்கத்தில் இறங்கியது.

நிஜமாகவே இடி என்றால் மொட்டை மாடியில் நிற்கவே கூடாது என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். “வெதர் சாராம், இடி விழற எடத்துல போய் நின்னு எண்றாராம்” என்று அம்மா கீழே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் அவருக்கு ஆள் கிடைக்கிறது.

காலையில் இரண்டாவது மாடி பிளஸ் ஒன் பெண் லிஃப்டில் வைத்துத் தணிந்த குரலில் சொன்னாள்: “அங்கிள், ரேடார் அப்போ இருக்குற மழையைத்தான் காட்டும், வரப்போறதை இல்லை. அந்த டைம் யூ.டி.சி. அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும்.” 11:30ஓடு ஐந்தரையைக் கூட்டினேன். சாயங்காலம் ஐந்து. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே திருத்தணியில் பெய்து தீர்ந்துபோன மழைக்குத்தான் ராத்திரி ஒரு மணிவரை காத்திருந்திருக்கிறேன். குரூப்பில் போடாமல் நேரில் சொன்ன அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கே வலிக்கிறது. முதல் மாடிக் குழந்தைக்கு ஐந்தாவது பிறந்தநாள், ஏழு மணிக்கு மாடியில் பார்ட்டி. குழந்தையின் அப்பா என்னைக் கேட்டார். இழந்த மானத்தை மீட்க வேண்டிய அவசரத்தில் இருந்தேன். “இடியுடன் மழைன்னு அறிக்கையிலயே சொல்லிட்டாங்க சார், மாடி வேண்டவே வேண்டாம்.” அறிக்கையில் இருந்தது ‘ஓரிரு இடங்களில்’. வானிலைத் துறை கணக்கில் அதற்கு அர்த்தம் உண்டு. அந்த வட்டாரத்து மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால் பங்கில் பெய்யும். 26 சதவீதம் தாண்டினால்தான் ‘சில இடங்கள்’. ஆக, முக்கால் பங்கு இடத்துக்கு மேல் காயும் என்று துறையே சொல்லிவிட்டது. அதைத்தான் நான் ‘கட்டாயம் மழை’ என்று மொழிபெயர்த்திருந்தேன்.

பார்ட்டியைக் கார் பார்க்கிங்குக்கு மாற்றினார்கள். 40 பேர், இரண்டு பெடஸ்டல் ஃபேன், நாலாபக்கமும் ஸ்கூட்டர். கேக்கின் க்ரீம் மெல்ல நகர ஆரம்பித்து, 5 என்ற மெழுகுவர்த்தி பாடி முடிப்பதற்குள் படுத்துவிட்டது. ஒரு சொட்டு மழை இல்லை. குழந்தையின் அப்பா நல்ல மனிதர். பேப்பர் தட்டில் கேக்கும் சமோசாவும் வைத்து என் கையில் கொடுத்து, “மேல மாடிக்குப் போய் சாப்பிடுங்க சார், காத்து பிரமாதமா வருது” என்றார்.

சனிக்கிழமை உடம்பெல்லாம் வேர்க்குரு. நுங்குத் தண்ணீர் தடவினால் அடங்கும் என்று அம்மா சொன்னதால் ஒரு டஜன் வாங்கினேன். இளசு பார்த்து வாங்கத் தெரியாமல் எல்லாமே முற்றல். அதில் தண்ணீரும் இல்லை, கட்டைவிரலும் இறங்கவில்லை. முதுகில் பவுடரைக் கொட்டிக்கொண்டு குரூப்பில் ராஜினாமாக் கடிதம் போட்டேன். “சொந்தக் காரணங்களால்” என்று ஆரம்பித்து. இரண்டு நிமிஷத்தில் 14 கட்டைவிரல்கள் வந்தன. மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஒருத்தர் எழுதவில்லை.

அன்று ராத்திரி ஏ.சி.யை 24இல் வைத்து, ஜன்னலைச் சாத்தி, 500 யூனிட்டை மனதிலிருந்து இறக்கிவைத்துவிட்டுப் படுத்தேன். ஒன்றரை டன் ஏ.சி. இதை வாங்கிய நாளில், டெலிவரி பையன்களிடம் “ஒன்றரை டன்னை பால்கனி தாங்குமாப்பா?” என்று கேட்டவன் நான். டன் என்பது எடை இல்லை, ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக இழுத்துக்கொள்கிற வெப்பம். அந்தக் காலத்தில் நிஜ ஐஸாகவே வந்தது. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பாய்மரக் கப்பலில் மெட்ராஸுக்கு ஐஸ் வரும், அதை வைக்க 1842இல் மெரினா ஓரம் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இன்றைய விவேகானந்தர் இல்லம். அவ்வளவு கடல் தாண்டி உருகாமல் வந்த ஐஸை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். வாரத்தில் முதல்முறையாகப் போனைப் பார்க்காமல்.

எட்டு மணிக்கு எழுந்து போனை எடுத்தால் குரூப்பில் 87 மெசேஜ். மழை. இரண்டரை மணிக்கு ஆரம்பித்து ஒரு மணி நேரம், இடியும் மின்னலுமாக. வீடியோக்கள். மாடியில் நனைந்து ஆடுகிற முதல் மாடிக் குழந்தை. பாலிதீன் கவரோடு பொருளாளர். ரிடையர்டு இன்ஜினியர் சிரித்துக்கூட ஒரு போட்டோ. கார் பார்க்கிங்கில் கணுக்கால் அளவு தண்ணீர். எங்கள் பால்கனியில் கூலரின் தொட்டி, நான் ஊற்றாமலேயே விளிம்பு வரை நிரம்பியிருந்தது.

காபியோடு வந்த மனைவியிடம், “ஒரு வாரமா இதுக்குத்தானே கெடந்தேன், ஒரு வார்த்தை எழுப்பியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“எழுப்பினேங்க. ‘ரேடார்ல ஒண்ணும் இல்லை’ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டீங்க.”